அண்ணனின் இடது தோள்

புரூக்சால்,
20 செப்டம்பர் 1981

அன்புள்ள ஓட்மார் அண்ணனுக்கு, தம்பி அலோயிஸ் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கனடாவில் நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். நீ போன இந்த ஒன்பது வருஷத்தில் இதுதான் என் முதல் கடிதம்.

இந்த வருஷம் பிளம் நன்றாகக் காய்த்திருக்கிறது. நேற்று என் வீட்டுக்காரி ஹில்டா உருளைக்கிழங்கு சூப்பும் பிளம் கேக்கும் செய்தாள். பக்கத்து வீட்டுப் பன்றி வேலி தாண்டி வந்து பாதிக் கேக்கைத் தின்றுவிட்டது. "உங்களவிட அது ரசிச்சுத் தின்னுச்சு" என்கிறாள். சரி, பன்றிக் கதை போதும். சொல்ல வந்ததைச் சொல்லப் பயந்துதான் இப்படிச் சுற்றுகிறேன்.

கார்ல்ஸ்ரூ ஆராய்ச்சிக்காரர்களுக்காக நாம் கார் ஓட்டினோமே, முன் காரில் நீ, பின் காரில் நான். முன்னால் போகிறவன் பிரேக் போட்டால், பின்னால் வருகிறவன் எவ்வளவு நேரம் கழித்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறான் என்று ஒரு கருவி காகிதச் சுருளில் கோடு போட்டுக்கொண்டே வரும். அந்தச் சுருளில் பார்த்தால், உன் காரின் சிவப்பு பிரேக் விளக்கு எரிவதற்கு முன்பே என் கால் எழும்பியிருந்தது.

பொறியாளர் ராவ்ஷ் சுருளை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "என்னய்யா, ஜோசியம் பாக்குறியா? இல்ல அண்ணனும் தம்பியும் பேசி வச்சுக்கிட்டீங்களா?" வேலை போய்விடுமே என்று பயந்து, "அண்ணன்தாங்க கையக் காட்டுவான்" என்று சொல்லிவிட்டேன். அன்றே உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஊரும் உன்னைப் பித்தலாட்டக்காரன் என்றது. நீ கனடாவுக்குக் கிளம்பியபோது நான் வழியனுப்பக்கூட வரவில்லை.

நீ கை காட்டவே இல்லை, அண்ணா. அப்பாவின் டிராக்டரில் பிரேக் கல் மாதிரி இறுகி இருக்கும். மிதிப்பதற்கு முன் இடது தோளைத் தூக்கிக்கொள்வாய். கார் ஓட்டும்போதும் அந்தப் பழக்கம் உன்னை விடவில்லை. சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் கிழங்கு ஏற்றிக்கொண்டு எத்தனை வருஷம் உன் வண்டிக்குப் பின்னால் வந்தவன்! அந்தத் தோள் எனக்குத் தெரியாதா?

போன வாரம் ராவ்ஷைச் சந்தையில் பார்த்து உண்மையைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். மனிதர் கூடையைக் கீழே வைத்துவிட்டார். "அடப்பாவி! முன்னாடி போறவனப் பாத்து மனுசன் என்னத்தப் புரிஞ்சுக்கிறான்னுதானே நாங்க தேடிக்கிட்டிருந்தோம்! அந்தச் சுருளக் குப்பையில போட்டுட்டேனே. உங்க அண்ணன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்யா."

அவர் கேட்கட்டும். முதலில் கேட்க வேண்டியவன் நான்.

இப்போதும் நெடுஞ்சாலையில் முன் காரில் யாராவது தோளை அசைத்தால் என் கால் எழும்பிவிடுகிறது. பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்துத் திட்டுகிறான்.

அடுத்த பிளம் காலத்துக்காவது வா. விமான நிலையத்துக்கு நானும் ஹில்டாவும் இரண்டு காரில் வருகிறோம். அவள் காரை நீ ஓட்டு. வீட்டுக்கு வழி மறந்திருந்தாலும் பரவாயில்லை. நீ எங்கே திரும்பினாலும் நான் பின்னால் வருகிறேன்.

உன் தம்பி,
அலோயிஸ்