தெரியாத பிரவுசர்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் சுகம்தான், கடிதத்தைப் பார்த்துப் பதறாதே. இந்தக் காலத்தில் தபாலா என்று உன் மனைவி சிரிப்பாள். சிரிக்கட்டும். மின்னஞ்சல் பக்கமும் நேற்றிலிருந்து என் பிரவுசரை உள்ளே விடவில்லை. அதனால்தான் டைப் அடித்து அச்செடுத்தேன். உறைமேல் விலாசம் எழுதியது உன் அத்தான். அவர் கையெழுத்தைத் தாண்டி இது உன்னிடம் வந்து சேர்ந்தால் உன் அதிர்ஷ்டம்.

வேலையில் ஒரு சிக்கல் என்று போனில் சொன்னேன் அல்லவா, முழுசாகச் சொல்லவில்லை. டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் அறிக்கைகளைக் கேட்டு டைப் அடிப்பதுதான் என் பிழைப்பு. கண் போனபிறகும் பதினான்கு வருடமாக அந்த மருத்துவமனையில் தாக்குப்பிடித்தேன் என்றால், முக்கால்வாசிக் காரணம் நீ கல்லூரியில் படிக்கும்போது எனக்காகத் திருத்திக் கொடுத்த அந்தச் சின்ன பிரவுசர். டாக்டர் பேசும்போது அது வாயை மூடிக்கொள்ளும். அவர் நிறுத்தினால்தான் திரையில் இருப்பதைப் படிக்கும். பொத்தான்களுக்கு உன் குரலையே பதிந்து வைத்தாய். "அக்கா, இது அனுப்புற பொத்தான், அவசரப்படாத" என்று பத்தொன்பது வயதுப் பையன் இன்றைக்கும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை எனக்குப் புத்தி சொல்கிறான்.

போன மாதம் மருத்துவமனையின் இணையப் பக்கம் நீ வேலை பார்க்கும் கம்பெனியின் ஏற்பாட்டுக்கு மாறியது. மறுநாள் காலையில் திறந்தால், தெரியாத பிரவுசர், பாதுகாப்பு கருதி அனுமதி இல்லை என்று வந்தது. எங்கள் கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டேன். எதற்கெடுத்தாலும் அணைத்துப் போடச் சொல்வதால் அவருக்கு ரீஸ்டார்ட் என்றே பெயர். அவர் அன்றைக்கு அதிசயமாக மூளையைச் செலவழித்து, என் பிரவுசரை உங்கள் கம்பெனிப் பிரவுசரின் பெயரைச் சொல்லிக்கொண்டு போகும்படி செய்தார். அடுத்தவர் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவது மாதிரிதான். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் போனேன். பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் பிடித்துக் கணக்கைப் பூட்டிவிட்டார்கள்.

சரி, வீம்பு எதற்கு என்று கணக்கைத் திறக்கச் சொல்லிவிட்டு உங்கள் பிரவுசரிலேயே மூன்று நாள் வேலை செய்தேன். அது டாக்டர் பேசும்போதே குறுக்கே பேசுகிறது, விளம்பரத்தைக்கூட விடாமல் படிக்கிறது. அந்த இரைச்சலில் வலது சிறுநீரகம் என்று அவர் சொன்னதை இடது என்று அடித்துவிட்டேன். நல்லவேளை, கையெழுத்துப் போடும் முன் டாக்டர் பார்த்துவிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. மேலாளர் அம்மாதான், "மாசக் கடைசிக்குள்ள பழகிக்கோங்க, இல்லன்னா நான் வேற ஆள் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த தடவை யாராவது ஒருவருக்கு நல்ல சிறுநீரகத்தை அறுத்துவிட்டால்?

பிறகு ரீஸ்டார்ட் உங்கள் கம்பெனியின் அறிவிப்பை எனக்குப் போட்டுக் காட்டினார். முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது, பேசுவது நீ. அடடா, முதலில் எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! என் தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ தொண்டையைச் செருமினாய். செருமிவிட்டு, தெரியாத பிரவுசர்களை நிறுத்துவது மக்களின் பாதுகாப்புக்காக மட்டுமே என்றாய்.

ஏழு வயதில் அப்பாவின் கண்ணாடியை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டபோதும் இப்படித்தான் செருமினாய். அப்பா நம்பினார். நான் நம்பவில்லை. திருட்டு பிரவுசர்கள் இருப்பது எனக்கும் தெரியும். சோதித்துப் பார்த்து நிறுத்துங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? சோதிக்காமலே, உங்களுடையது இல்லை என்பதற்காக நிறுத்துவது என்ன நியாயம்? மனசு விட்டுப்போச்சுடா.

போனில் நீ, "உன் கணக்க மட்டும் விட்டுடச் சொல்றேன், யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றாய். நானும் சரி என்றேன். அப்போது எனக்குப் பயம், வேலை போனால் என்ன செய்வது என்ற பயம், இப்போதும் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இதே மாதிரி ஒரு பிரவுசரை வைத்து ஒற்றைக் கையால் கடை நடத்தும் அம்மா ஒருவர் இருக்கிறார். திரை மின்னினால் வலிப்பு வரும் என்பதால் மின்னாத பிரவுசரையே நம்பியிருக்கும் ஒரு வாத்தியார் இருக்கிறார். அவர்களுக்கு உங்கள் கம்பெனியில் தம்பி கிடையாது.

இருபதாம் தேதி கூட்டத்தில் இந்த விதியை மறுபடி பேசுவார்கள் என்றாய். அங்கே எங்களுக்காக வாயைத் திற. உனக்குச் சங்கடம் வரும், பிள்ளைகள் வேறு படிக்கிறார்கள், தெரிந்துதான் கேட்கிறேன். வேலை போனால் அக்காவும் தம்பியும் சேர்ந்தே தேடுவோம், உனக்கு டைப் அடிக்கச் சொல்லித் தருகிறேன்.

குடும்பத்தோடு நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. கூட்டத்துக்குப் போகும் முன் வெந்நீர் குடித்துவிட்டுப் போ. எனக்காக நீ பதிந்த அத்தனை பொத்தான்களிலும் ஒரு இடத்தில்கூடச் செருமல் இல்லை. அந்தக் குரலில் பேசுடா, கண்ணா.

என்றும் உன் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும்,
அக்கா