அறுபது கட்டைவிரல்கள்

இன்று காலை கருத்தரங்க வாட்ஸ்அப் குழுவில் உனக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது. "நீண்ட ஆயுளுடன் வாழ்க மேடம்" என்று ஒருவர் தொடங்கினார். கேக், பூங்கொத்து, கைகூப்பு எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. நீ இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அந்தச் செய்தியையும் இதே குழுவில்தான் போட்டேன். அதற்கும் இதே கைகூப்பு. சற்று நேரத்தில் ஒருவர் தன் பதவி உயர்வை அறிவிக்க, எல்லாரும் அங்கே போய்விட்டார்கள்.

எனக்கு ராஜபாளையம், உனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். நாம் அறிமுகமாகக் கோயம்புத்தூர் கருத்தரங்கின் சாப்பாட்டு வரிசை தேவைப்பட்டது. கடைசி நாள் இந்தக் குழுவைத் தொடங்கியபோது என் காதருகே சொன்னாய்: "சணல் பை, சர்டிபிகேட், இப்போ இது. நாளைக்கே ரோசாப்பூ வரும், பாத்துக்க."

வந்தது. யார் கட்டுரை போட்டாலும் பாராட்டு. திறந்து பார்த்தவர் எவருமில்லை. அதை நிரூபிக்க, ஒருநாள் உன் வீட்டு மளிகைப் பட்டியலை ‘என் புதிய கட்டுரை’ என்று அனுப்பினாய். "ஆழமான ஆய்வு" என்றார் ஒரு பேராசிரியர். நீ போனில் என்னைத்தான் அழைத்தாய்.

"ஏட்டி, நீயுமா? துவரம்பருப்பு, புளி, பெருங்காயம்னு இருக்கு. அதுக்கா கட்டவிரலக் காட்டுன?"

சிரித்துத் தப்பித்தேன்.

போன வருடம் உண்மையான கட்டுரையை அனுப்பினாய். செண்பகத்தோப்பு அடிவாரச் செடிகளைப் பற்றிப் பத்து வருடம் நடந்து எழுதியது. ‘பிழை இருந்தால் சொல்லுங்கள், சீக்கிரம் முடிக்க வேண்டும்’ என்று கேட்டிருந்தாய். நோயைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அறுபது கட்டைவிரல்கள் வந்தன. அதில் ஒன்று என்னுடையது.

"செத்த நேரம் வந்துட்டுப் போயேன்ட்டி" என்றாய்.

"செமஸ்டர் முடியட்டும். அதான் தெனமும் குரூப்புல பாக்கோம்லா" என்றேன். அரை மணி நேர பஸ் பயணம். அதற்குச் சோம்பியவள், அந்தப் பேராசிரியரை இளக்காரமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

துக்கத்துக்கு வந்தபோது உன் கணவர் அந்தச் சணல் பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே கட்டுரை. இன்று அந்த வாழ்த்துகளைப் பார்த்த ஆத்திரத்தில்தான் அதைப் பிரித்தேன். ஏழாம் பக்க அட்டவணையின் ஓரத்தில், பென்சிலில், ‘இவளிடம் கேட்க வேண்டும்’ என்று எழுதி என் பெயரைப் போட்டிருந்தாய். நான் புள்ளியியல் வாத்தியாரம்மா. இரண்டு வரிசைகள் இடம் மாறியிருந்தன. பத்து நிமிட வேலை.

சரிசெய்துவிட்டேன். குழுவில் சொல்லவில்லை. எட்டாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.