கணக்கில் இல்லாத போல்ட்

24 நவம்பர் 1976, புதன்

கவரைப்பேட்டையில் ரயிலேறி வீடு வந்த பிறகும் மனசு தொழிற்சாலையிலேயே கிடக்கிறது.

நான் டிசைன் செய்த தொட்டிக்கு இன்று பிரஷர் டெஸ்ட். தண்ணீரை ஏற்றி அழுத்தம் கூட்டியதும் மூடியின் விளிம்பில் கசிந்தது. மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை. "டிசைன் சார் கம்ப்யூட்டர்லயே போட்டுப் பார்த்துட்டார். நீதான் போல்ட்டைச் சரியா முடுக்கலை" என்று ஃபிட்டர் தேவராஜுக்கு மெமோ கொடுத்துவிட்டார்.

தேவராஜ் என்னிடம் வந்தார். கோபமே இல்லை. "ஸ்பானர்ல பைப்பு மாட்டி இழுத்துக்கினுதான் சார் முடுக்கினேன். கம்ப்யூட்டர்ல ஒழுகலையா சார்?"

"இல்லை" என்றேன்.

எப்படி ஒழுகும்? கம்ப்யூட்டருக்குக் கணக்கைத் துளையிட்ட கார்டுகளாகக் குத்தும்போது மூடியையும் தொட்டியையும் ஒரே இரும்பாக ஒட்டிக் கொடுத்தவன் நான். இருபத்துநாலு போல்ட்டில் ஒன்றுகூட என் கணக்கில் கிடையாது. நிஜத்தில் அழுத்தம் ஏறினால் போல்ட் மயிரிழை நீளும், மூடி அந்த அளவு தூக்கும், அந்த இடுக்கில் தண்ணீர் கசியும். போல்ட்டையும் சேர்த்தால் கார்டு இரண்டு மடங்காகும், மெட்ராஸ் கம்ப்யூட்டருக்கு இன்னொரு வாரம் காத்திருக்க வேண்டும். சோம்பல்பட்டேன், அவ்வளவுதான்.

அங்கேயே சொல்லியிருக்கலாம்.

தேவராஜ் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்போ என் கைக்குத்தான் இன்னா ஆச்சுன்னு தெரியல சார். இருபது வருஷமா இது ஏமாத்துனதில்ல."

காலையில் மேனேஜரிடம் ஒப்புக்கொண்டால் மெமோவைக் கிழித்துவிடுவார்கள். இந்த ராத்திரி முழுக்க அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பாரே, அதை என்ன செய்வது?