கேஸ் போட்ட வீடு

18-9-1996
நுகர்வோர் மன்றத்தில் ஜெயித்துவிட்டோம். ஏணியிலிருந்து விழுந்து என் வீட்டுக்காரருக்கு மணிக்கட்டு உடைந்தபோது டாக்டர் சண்முகசுந்தரம்தான் மாவுக்கட்டு போட்டார். விரல் கறுக்குது சார் என்று போய்ப் போய் நின்றேன். "வலி இருக்கத்தான் செய்யும், போம்மா." கடைசியில் பெரியாஸ்பத்திரியில் வலது கையையே எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டரின் கவனக்குறைவுதான் என்று இன்று தீர்ப்பு. ரயிலில் திரும்பினோம். திருமுல்லைவாயிலில் இறங்கியதும் இவர், "இனிமே ஒயரிங் வேலைக்கு யாரு கூப்புடுவான் பத்மா" என்றார்.

21-10-1996
டாக்டர் மேல்முறையீடு போட்டிருக்கிறாராம், மாநில ஆணையத்தில். பயப்படாதீங்க என்கிறார் வக்கீல் கோவிந்தன்.

4-11-1996
எனக்குக் காய்ச்சல். எப்போதும் போகிற லேடி டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பெரிய இடமா பாத்துக்கோங்க. எங்க மேலயும் கேஸ் போட்டுட்டா?" சிரித்துக்கொண்டே சொன்னாள். காத்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

9-12-1996
இன்று எழுத முடியாது.

10-12-1996
நேற்று காலையிலிருந்து அத்தைக்கு வாந்தி. ரொம்ப நாளாக இருந்த குடலிறக்கம் உள்ளே போகாமல் கல்லு மாதிரி நின்றுவிட்டது. "லட்சுமணா, உசுரு போவுதுடா" என்று மகனைப் பிடித்துக்கொண்டு துடித்தார். அம்பத்தூரில் முதல் நர்சிங் ஹோமில் எங்கள் பேரைக் கேட்டதும் பெட் இல்லை. அடுத்த இடத்தில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "உடனே ஆபரேஷன் பண்ணணும். நான் பண்ண மாட்டேன். கீழ்ப்பாக்கம் போங்க. அதுவரைக்கும் தாங்குமான்னு சொல்ல முடியாது."

இவர் ஆட்டோக்காரரிடம் சண்முகசுந்தரம் ஆஸ்பத்திரி என்றார். நான் வேணாம்னு சொன்னேனா? சொல்லல.

அவர் அத்தையைப் பார்த்தார். தியேட்டரைத் தயார் பண்ணச் சொன்னார். அப்புறம் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். மேசையில் ஒரு காகிதம் — கை போனது எங்கள் அஜாக்கிரதையால், மன்றத்தில் நாங்கள் சொன்னதெல்லாம் பொய். குரலை உயர்த்தவே இல்லை. "நிதானமா படிச்சுட்டுப் போடுங்க. அவசரம் உங்களுக்குத்தான்."

இவர் இடது கையால் பேனாவைப் பிடித்தார். எழுத்து கோணிக்கொண்டு போனது. டாக்டர் மைப்பெட்டியைத் தள்ளினார். "இருக்கிற கையில பெருவிரல் இருக்குல்ல, அது போதும்."

பாவி. அவன் நல்லா இருப்பானா? ஆனா அவன் கை நடுங்கக் கூடாதுன்னு தியேட்டர் வாசல்ல நின்னு வேண்டிக்கினேனே — அதுவும் நான்தான்.

12-1-1997
அத்தை எழுந்து நடமாடுகிறார். காகிதத்தைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். தெருக்குழாயில் அத்தை எல்லாரிடமும் சொல்கிறார்: "தங்கமான மனுசன். என்னை அம்மான்னுதான் கூப்புட்டாரு. அவரு மேலயா இதுங்க கேஸ் போட்டுகினு திரிஞ்சுதுங்க?"

30-1-1997
செக்கப்புக்குப் போன இடத்தில் அத்தை டாக்டரிடம் மகனுக்கு ஒரு வேலை கேட்டிருக்கிறார். உடனே சரி என்றாராம்.

6-2-1997
ஆணையத்தில் இன்று வாய்தா. போகவில்லை. எதிர்வீட்டு ராஜம்மா அக்கா வந்து, "வக்கீலு போன்ல கீறாரு பத்மா" என்றார். ஊட்ல யாரும் இல்லன்னு சொல்லுங்க என்றேன்.

இவருக்கு இன்றுதான் முதல் நாள், டாக்டர் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன். காக்கிச் சட்டைக்கு நான்தான் பொத்தான் போட்டுவிட்டேன். சாயங்காலம் வந்து சாப்பிடும்போது சொன்னார். டாக்டர் கார் வந்தால் கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட் அடிக்கணுமாம். இடது கையாலேயே அடிக்கலாம், பரவாயில்லை என்று சொல்லிவிட்டாராம்.