வயர்லெஸை அணைத்துவிட்டேன், அக்கா

நான் பார்த்தே இராத என் பாசமுள்ள அக்காவுக்கு,

உங்களுக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் எழுதுகிறேன். நலமா என்று கேட்க முடியாது. நாங்கள் நலம் என்று எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

இப்போது காலண்டர் சீசன். அவர் கடை கடையாக ஏறி ஆர்டர் பிடித்துவருகிறார். காலண்டரின் அடியில் வரும் கடைப்பெயர்களை உங்கள் லேப்டாப்பில் நான் வடிவமைத்து சிவகாசிக்கு அனுப்புகிறேன். நீங்கள் போட்டுவைத்த லினக்ஸ்தான் இன்னும் ஓடுகிறது. மதியம் கரன்ட் போனால் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை.

எது தின்கிறது என்று தேடினேன். நெட் நமக்குக் கேபிளில்தான் வருகிறது. ஆனால் வயர்லெஸும் ப்ளூடூத்தும் எந்நேரமும் விழித்தே இருக்கின்றன. அதிலும் அந்த வயர்லெஸ், நீங்கள் பாடம் நடத்திய கல்லூரியின் இணைப்பைத் தேடிக்கொண்டே கிடக்கிறது. சூலக்கரையில் உட்கார்ந்து தேடினால் அது எங்கே கிடைக்கும்? இதுகூட உங்களைத்தானா தேட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

“வேண்டாததை நிறுத்திரட்டா?” என்று அவரிடம் கேட்டேன்.

“அதுல கை வைக்காத. அவ வச்சபடியே இருக்கட்டும்.”

“அப்ப கரன்ட் போனா அவுகளையே வந்து ஆர்டரை முடிச்சுத் தரச் சொல்லுங்க.”

சொல்லியிருக்கக் கூடாது. எழுந்து வந்தார். எதை மாற்றினாலும் லேப்டாப் கேட்கும் அந்தப் பாஸ்வேர்டை ஒரு கையால் மறைத்துக்கொண்டு தட்டிவிட்டுப் போனார். அது என்ன சொல், அக்கா? என்றைக்காவது எனக்குச் சொல்வாரா?

இரண்டையும் நிறுத்தினேன், லேப்டாப்பை மறுபடி ஆன் செய்தாலும் விழிக்காதபடி. மறுநாள் கரன்ட் போய்த் திரும்பி வருவதற்குள் பேட்டரியிலேயே மொத்த வேலையும் முடிந்தது. குனிந்து பார்த்தால், மடியில் கிடந்த என் பாப்பா திரையைப் பார்த்துச் சிரிக்கிறாள். அத்தை தன் மகனைக் கூப்பிட்டார்.

“ஏலே, பொட்டியக் கண்டதும் என்னமா சிரிக்கா பாரு. மூத்தவதாம்லே வந்து பொறந்திருக்கா.”

அவர் மறுக்கவில்லை. பாப்பாவைத் தூக்கி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வயிறு எரிந்தது. அவர் முதலில் உங்களுக்குத்தான் சொந்தம், லேப்டாப்பும் உங்களுடையது, சரி. இவளைச் சுமந்தது நானில்லையா? லேசாக உடம்பு சுட்டாலும் பதறுவது நானில்லையா?

உங்கள் கல்லூரியின் பெயரை அதிலிருந்து அழிக்கவில்லை. அவர் கேட்டால் அன்றைக்கே வயர்லெஸை ஆன் செய்துகொடுப்பேன். பாப்பா பேசத் தொடங்கியதும் உங்கள் படத்தைக் காட்டி, “பெரியம்மா” என்று சொல்லப் பழக்குவேன். இது சத்தியம். அத்தைக்கும் அவருக்கும் நன்றாகக் கேட்கும்படி அவள் கூப்பிடட்டும், உங்களைப் பெரியம்மா என்றும் என்னை அம்மா என்றும்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பின்னால் வந்த தங்கச்சி