கோட்டையில் காலியாக இருந்த கதிரை

நேற்று முற்பகல் ஒரு தூதரகத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. எங்கள் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் மேற்படிப்புக்கு விசா கேட்டிருக்கிறாள். "இவர் உங்களிடம்தான் வேலை செய்கிறாரா?" என்று கேட்டார்கள். "ஓம்" என்றேன். அவ்வளவுதான். ஆனால் தொலைபேசியை வைத்த பிறகும் என்னால் வேலையில் மனம் செலுத்த முடியவில்லை. அதே கேள்வியை ஒருவர் உம்மிடம் கேட்ட நாள் முன்னால் வந்து நின்றது. நீர் போய் எட்டு மாதமாகிறது. இறந்தவர்கள் கடிதம் வாசிப்பார்கள் என்று நம்புகிறவள் அல்ல நான். இருந்தும் எழுதுகிறேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்த அந்தக் கப்பல் முகவர் அலுவலகத்தில் நீர் தொலைபேசி ஒப்பரேற்றர். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், புள்ளிவிபரவியல் பட்டதாரி, கப்பல்களின் பெயர்களை ஒரு படிவத்திலிருந்து இன்னொரு படிவத்துக்குப் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்குப் போகிற வேலை எதுவும் எனக்குத் தரப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு அனுமதிச் சீட்டு எடுப்பது போர் நடந்த அந்த நாட்களில் பெரிய பாடு. நீர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் தொடங்கிய வசனத்தைச் சிங்களத்தில் முடிப்பீர். முதல் நாளே என்னை "நீ" என்றீர். நான் கடைசிவரை "நீர்" தான். "என்னா புள்ள, என்னய டீச்சர் மாதிரி கூப்புடுற" என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பீர்.

இரண்டு வருடத்தில் எனக்குக் கிருலப்பனைப் பக்கம் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கடைசி நாளன்று அலுவலக அடையாள அட்டையை உம்மிடம் ஒப்படைக்க வேண்டும். நான் நீட்டினேன், நீர் வாங்கவில்லை. "அங்க ஆறு மாசத்துக்கு அட்டை தரமாட்டாங்கன்னு சொன்னியே? அதுவரைக்கும் வெறுங்கையோடயா பஸ்ஸுல போவ? வச்சிக்க" என்றீர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வேலைக்குப் போகிறவள் என்று காட்ட ஏதாவது ஒன்று பையில் இல்லாமல் நாங்கள் வெளியே இறங்காத காலம் அது.

புது வேலை தொடங்கி மூன்றாம் கிழமை, காலையில், கிருலப்பனைக்குப் போகிற பஸ்ஸைப் பாமன்கடையில் மறித்தார்கள். தேசிய அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்த பொலிஸ்காரர் என்னை இறக்கி நிலையத்துக்குக் கூட்டிப்போனார். நான் என் பழைய அலுவலக அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதைப் போன்ற முட்டாள்தனம் பிறகு நான் செய்ததில்லை. கோட்டையில் வேலை செய்கிறவள் காலை எட்டரைக்கு எதிர்த்திசையில் ஏன் போகிறாள்? அதிகாரி அதைத்தான் கேட்டார். புது வேலைக்கு என்னிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. அவர் அட்டையிலிருந்த தொலைபேசி எண்ணைச் சுழற்றினார்.

எடுக்கப்போவது நீர்தான் என்று எனக்குத் தெரியும். "அவள் விலகிவிட்டாள்" என்று நீர் உண்மையைச் சொன்னால் நான் அன்று வீட்டுக்குப் போகமாட்டேன் என்பதும் தெரியும். உம்முடைய குரல் எனக்குக் கேட்கவில்லை. அதிகாரியின் பக்கம் மட்டும்தான் கேட்டது. "அப்படியா... வாடிக்கையாளரிடமா... சரி, சரி, கத்த வேண்டாம்." என்னை ஏதோ பத்திரம் கொண்டுபோகத் அலுவலகமே அனுப்பியதாகவும், மேலாளர் கோபத்தில் துள்ளிக்கொண்டிருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர். அதிகாரி அலுவலக அட்டையைத் தன் மேசையில் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகக் கடிதம் கொண்டுவரச் சொல்லி என்னை விட்டார்.

அன்று பின்னேரமே கோட்டைக்கு வந்து பழைய மேலாளரின் முன்னால் நின்று, நடந்ததைச் சொல்லிக் கடிதம் கேட்டேன். அவர் கெட்ட மனிதர் அல்ல.

"நான் பொய் எழுதமாட்டன், பிள்ளை. ஆனா உம்மட கதிரை இன்னும் காலியாத்தான் கிடக்கு. நாளைக்கே திரும்பி வாரும். கடிதம் தாறன், அது பொய்யாகாது." பிறகு கண்ணாடி வழியாக உம்மைப் பார்த்தார். "வராட்டி, டெலிபோனில அப்பிடிச் சொன்ன ஆளை நான் விசாரிக்க வேண்டிவரும்."

படிக்கட்டில் உம்மிடம் சொன்னேன்: "நான் திரும்பி வாறன். உமக்கு ஒரு பிரச்சினையும் வரக்கூடாது."

"எனக்காகவா வார?"

"ஓம்."

"போலீசுக்குப் பயந்து வாரேன்னு சொல்லு, நான் ஒண்ணும் பேசமாட்டேன். பயம் எல்லாருக்கும்தான். ஆனா என் பேர்ல போடாத. பொறகு அந்தக் கதிரையில குந்திக்கிட்டு தெனமும் என்னயப் பாத்து மூஞ்சியத் தூக்குவ."

எனக்குக் கோபம் வந்தது. உம்முடைய வேலையைக் காப்பாற்ற வருகிறேன் என்கிறேன், என்னையே குற்றம் சொல்கிறீரே என்று.

"புது எடத்துல கடுதாசி கேட்டியா?"

"இல்லை. பொலிஸ் பிடிச்சதெண்டு தெரிஞ்சா நிப்பாட்டிப் போடுவினம்."

"நிப்பாட்டினா வா, நானே கதிரையத் தொடச்சி வைக்கிறேன். மொதல்ல போய்க் கேளு."

அடுத்த நாள் காலையில் இயக்குநரின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி முடிக்குமுன் அவர் பேனையை எடுத்துவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: என் பெயரை எப்படி எழுதுவது? கடிதம் பத்து நிமிடத்தில் கையில். வெளியே வந்து அதை மடித்துப் பைக்குள் வைத்தேன். இரவு முழுக்க நான் நித்திரை கொள்ளாமல் கட்டி எழுப்பிய பயம் எதுவும் அந்த அறைக்குள் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நீர் அரைநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு நிலையத்துக்கு வந்தீர். நான் கடிதத்தை நீட்டினேன். அதிகாரி அட்டையிலும் கடிதத்திலும் இருந்த இரண்டு அலுவலகப் பெயர்களை ஒப்பிட்டு நிமிர்வதற்குள் நீர் சிங்களத்தில் தொடங்கிவிட்டீர். இந்தப் பெயரில் அலுவலகத்தில் இரண்டு பேர், ஒருத்தி விலகியது மறந்துபோய் மற்றவளை நினைத்துச் சொல்லிவிட்டீர், அட்டையைத் திருப்பி வாங்கவும் மறந்தீர் என்று. உண்மையில் அந்தப் பெயரில் அங்கே இருந்தது நான் ஒருத்திதான். அவர் அட்டையைக் கிழித்துக் கூடையில் போட்டார். "உன்னைப் போல ஒரு மொக்கு முட்டாளையா டெலிபோனில் வைத்திருக்கிறார்கள்?" என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினார். நீர் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர். நான் ஒரு சொல் பேசவில்லை.

மேலாளரிடம், நான் விலகியதை மறந்துபோய் அப்படிச் சொல்லிவிட்டதாகச் சொல்லியிருந்தீர். அவர் ஒரு கிழமை ஏசிவிட்டு, உமது தொலைபேசிப் பலகைக்கு மேலே ஊழியர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஒட்டிவைத்தாராம். என் கதிரையில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். நான் கிருலப்பனையில் நிரந்தரமானேன், இன்றுவரை அங்கேதான்.

உம்மைக் கடைசியாகக் கண்டது கொட்டாஞ்சேனை வீட்டில். நீர் கட்டிலில் சாய்ந்திருந்தீர். இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன்: அன்று அந்த மனிதர் உம்மை ஏசியபோது நான் மரம்போல நின்றது எனக்கு இன்னும் வெட்கம்.

நீர் இருமலோடு சிரித்தீர். "அட, அவன் மொக்குன்னு சொன்னதும்தான் எனக்கு உசுரே வந்திச்சு. மொக்கையெல்லாம் யாரு புள்ள உள்ள போடுவான்? நீ வாயத் தொறந்திருந்தா ரெண்டு பேரும் மாட்டியிருப்போம்."

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குள்ளே சிரிப்பு வந்தது. பல வருடம் சுமந்த வெட்கம் அவ்வளவு லேசாகக் கழன்றுவிட்டது.

படிக்கட்டில் நீர் சொன்னது மட்டும் கழலவில்லை. கழலவும் வேண்டாம். இப்போதும் ஒரு முடிவை எடுத்துவிட்டு "அம்மாவுக்காக", "பிரிவிலுள்ள பிள்ளைகளுக்காக" என்று சொல்ல வாயெடுப்பேன். அந்த இடத்தில் நிறுத்தி, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லிப் பார்ப்பேன். பெரும்பாலும் அதுதான் உண்மையாக இருக்கும். பிறகு எழும்பிப் போய், கேட்க வேண்டியவரிடம் கேட்பேன்.