துவையலுக்குப் போட்ட பாதி

செவ்வாய், இரவு

இன்று எங்கள் பூச்சி மியூசியத்தில் பட்டாம்பூச்சிப் புழுக்கள் எல்லாம் செத்துப்போயின. பார்க்க வந்த ஒரு குழந்தைதான் கண்ணாடிப் பெட்டியைத் தட்டி, "தூங்குதா ஆன்ட்டி?" என்று கேட்டது. அடியில் சுருண்டு, பச்சையாகக் கக்கிக் கிடந்தன.

கூட வேலை பார்க்கும் ஸ்டெல்லா, புழுக்களுக்குப் போட்டிருந்த கறிவேப்பிலையை மோந்து பார்த்தாள். "எங்கக்கா பறிச்சீங்க? ஏலக்காட்டு ஓரத்துலயா? நேத்து அங்க மருந்து அடிச்சாங்கல்ல!"

பறித்ததில் பாதியைத்தான் புழுக்களுக்குக் கொண்டுபோனேன். மீதியைக் காலையிலேயே வீட்டில் துவையல் அரைத்துவிட்டேன். மகள் ஜெனிக்கு மட்டும்தான் அது பிடிக்கும். தோசைக்கு வழித்து வழித்துத் தின்றாள்.

"கழுவித்தான அரைச்ச? ஒண்ணும் ஆகாது, படு" என்றார் இவர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஈர இலை புழுவுக்கு ஆகாது என்று, துணியால் துடைத்துத் துடைத்தே எனக்குக் கை பழகிவிட்டது. காலையில் குழாயைத் திறந்தேனா? துணிதான் நினைவுக்கு வருகிறது.

ஜெனி இரவு சாப்பிடவில்லை. பள்ளியில் கேக் தின்றாளாம், பசிக்கவில்லையாம். நெற்றி சுடவில்லை. மூச்சு சீராகத்தான் வருகிறது.

ஆனால் எப்போதும் மல்லாந்து தூங்குகிறவள் இப்போது சுருண்டு படுத்திருக்கிறாள். எழுப்பப் போகிறேன்.